குழந்தையின் உயரமும் தாயின் கல்வியும்

ஒரு குழந்தை தன் வயதுக்குரிய உயரத்தை எட்டாமல் நிற்குமாயின் அதற்குப் பொறுப்பு யாருடையது? பெற்றவளுடையது என்று உலகம் எளிதில் விடை கூறிவிடுகிறது. ‘தாய் படிக்காதவள், வேறு என்ன ஆகும்?’ என்று நாமும் சில வேளைகளில் கூறியிருக்கிறோம். அவ்விடை அறத்திற்குப் பொருந்துமா என்பதை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

முதலில் உண்மை நிலையைக் காண்போம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உயரம் வயதுக்குரிய அளவினும் மிகத் தாழ்ந்திருப்பதை வளர்ச்சி குன்றல் என்பர். இது சில நாள் பட்டினியால் வருவதன்று. கருவுற்ற நாள் தொட்டு இரண்டு வயது நிறையும் வரையிலான ஏறத்தாழ ஆயிரம் நாள்களில், ஊட்டக்குறைவும் அடிக்கடி வரும் நோயும் கூடி விளைவிப்பதே பெரும்பாலும். அப்போது இழந்ததைப் பின்னர் முழுதும் மீட்டல் அரிது. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பள்ளி சென்றறியாத தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 51 பேர் வளர்ச்சி குன்றியிருந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பயின்ற தாய்மாரின் குழந்தைகளில் 24 பேரே அவ்வாறிருந்தனர்.

கல்வி எவ்வாறு குழந்தையின் உடலில் சென்று சேர்கிறது? பள்ளியில் நீடித்த பெண்ணுக்கு மணம் காலந்தாழ்த்தியே நிகழ்கிறது. மகப்பேறுகளுக்கிடையே போதிய இடைவெளியும் அமைகிறது. ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், அதன்பின் பருப்பும் கீரையும் மசித்த சோறும் வேண்டும் என்பதை அவள் அறிந்துகொள்கிறாள். தடுப்பூசி அட்டையைத் தானே படிக்கிறாள். இல்லத்தில் அவள் சொல்லுக்கு மதிப்பும் உயர்கிறது. எனினும், வேறுபாடு முழுவதையும் கல்வியின் கணக்கிலேயே எழுதிவிடலாகாது. கற்ற பெண் பெரும்பாலும் வசதியுள்ள இல்லத்தில் வாழ்கிறாள். தூய நீரும் கழிப்பிடமும் அவளுக்குக் கிட்டுகின்றன. அறிவோடு பொருளும் சேர்ந்தே அக்குழந்தையை வளர்க்கின்றன.

இனி, கல்லாத தாய் ஏன் கல்லாதவளானாள் என்று கேட்போம். இதற்கு விடை பகரும் மண் விருதுநகர் மாவட்டம். இளமையிலேயே பள்ளியை விட நேர்ந்த காமராசர் 1903இல் பிறந்த ஊர் விருதுநகர். ஏழைக் குழந்தை பசியால் பள்ளியை விட்டு நிற்றலாகாது என்று, முதலமைச்சராயிருந்த அவர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆயினும் அவர் பிறந்த ஊரை அடுத்த சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில், அதன் பின்னரும் பல்லாண்டுகள் ஆயிரக்கணக்கான சிறார் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் உழைத்தனர். அவர்களுள் பெண் குழந்தைகளே மிகுதி. விடியுமுன் ஆலைப் பேருந்து வந்து அவர்களை ஏற்றிச் செல்லும். எழுதுகோல் பிடிக்க வேண்டிய விரல்கள் சட்டங்களில் குச்சிகளை அடுக்கின, பெட்டிகளை ஒட்டின.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிச் சிறாரைக் குறித்து எழுந்த வழக்கில், சட்டத்திற்கு மாறாக வேலைக்கமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் ஆலையுரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தை கல்வி பெற வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுமை பெருமளவு குறைந்தது. ஆனால் 1980இல் பத்து வயதில் குச்சி அடுக்கிய சிறுமி இன்று பாட்டியாகியிருப்பாள். மகள் வேலைக்குச் செல்ல, பேரக்குழந்தைக்குச் சோறூட்டுவது அவள் கையே. ஒரு சிறுமி இழந்த பள்ளி மூன்றாம் தலைமுறையின் தட்டு வரை தொடர்கிறது.

பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளியன்று உயிர்களுக்கு ஊறு நேருமென்று பட்டாசைத் தவிர்த்து விளக்கேற்றுவோர் நம்மில் பலர். அக்காலத்தில் அவ்விளக்கை ஏற்றிய தீக்குச்சியை அடுக்கியது எந்தக் குழந்தையின் கை என்று நாம் கேட்டதுண்டா? மலிவான பொருளை வாங்கி மகிழ்ந்தவர்கள், அதன் விலையைக் கல்வியாய்க் கொடுத்தவளை நோக்கி, ‘நீ கல்லாதவள்’ என்று குறை கூறுதல் எவ்வாறு முறையாகும்?

உணவு, மருந்து, அபயம், சாத்திரம் எனத் தானம் நால்வகைப்படும் என்று நம் முன்னோர் வகுத்தனர். அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தல் இயலாது என்பதை இக்குழந்தைகள் நமக்கு உணர்த்துகின்றனர். பருப்பு வாங்கப் பொருளில்லாத தாய்க்கு ஊட்டச்சத்துப் பாடம் மட்டும் பயன் தராது. நாள் முழுதும் ஆலையில் நிற்பவளுக்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும். வேலைக்குப் போனவள் உயிரோடு திரும்புவாள் என்ற அபயமும் வேண்டும். கற்பிக்கும்போது தாய்க்கு மட்டுமன்றித் தந்தைக்கும் பாட்டிக்கும் கற்பித்தல் வேண்டும்.

ஏழைச் சிறுமி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் வரை அவள் படிப்புச் செலவை ஏற்பது நம்மில் பலருக்கு இயலும். அதனைத் தானம் என்று எண்ணாமல், நெடுநாளாய் நிலுவையில் நிற்கும் கடன் என்றே எண்ணிச் செலுத்துவோமாக.