குணம் விளையும் கட்டடம்

ஸ்காட்லாந்தின் நியூ லானர்க் என்னும் பஞ்சாலை ஊரில், 1816 புத்தாண்டு நாளில் திறக்கப்பட்ட கல் கட்டடத்துக்குக் 'குணத்தை உருவாக்கும் நிலையம்' என்று பெயர். கட்டடங்களுக்கு அரசர் பெயரையோ முதலாளி பெயரையோ வைப்பது உலக வழக்கம். இங்கே ஒரு தத்துவமே பெயராக ஏறியது. மனிதன் தன் குணத்தைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை, பிறந்த இடமும் வளர்ந்த விதமுமே அதை ஆக்குகின்றன என்பது ஆலையை நடத்திய ராபர்ட் ஓவனின் கொள்கை.

அவர் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது. கிளைடு அருவிகளின் நீர்விசையை நம்பி 1786இல் ஆலையைத் தொடங்கியவர் டேவிட் டேல். வேலைக்கு ஆள் போதாமல் மலைநாட்டுக் குடும்பங்களும், எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை இல்லங்களின் பிள்ளைகளும் வந்தார்கள். டேலின் மருமகனான ஓவன் 1800இல் நிர்வாகத்தை ஏற்றார். 1968இல் ஆலை மூடப்பட்டது. 2001இல் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

குணம் சூழலின் விளைவு என்றால், குடிகாரனையும் திருடனையும் பழிக்க வழியில்லை. மனிதன் பாவத்தோடு பிறக்கிறான் என்று பிரசங்க மேடையில் கேட்டுப் பழகிய நாட்டில் இது சிறிய பேச்சல்ல. ஊழை நம்புகிறவர், வாய்த்த சூழல் செய்த வினையின் பயன் என்பார். ஓவனிடம் வினையே சூழலின் பயன். எனவே அவர் சூழலில் கைவைத்தார். நல்ல சரக்கைக் குறைந்த விலைக்கு விற்கும் கடை வந்தது. அதன் லாபம் பள்ளிக்குப் போனது. பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆலையில் வேலை இல்லை. நடை பழகிய குழந்தை முதல் எல்லாரும் நிலையத்துக்கு வந்தார்கள். அடி கிடையாது, பரிசும் கிடையாது; ஆடலும் பாடலும் உண்டு. குழந்தைகளுக்கு முதல் ஆசிரியராக அமர்ந்த ஜேம்ஸ் புக்கானன், எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்ட நெசவாளர் என்று ஓவனே எழுதியிருக்கிறார். புக்கானனுக்குக் குழந்தைகளிடம் பொறுமை இருந்தது, அது போதும் என்று ஓவன் அவரைத் தேர்ந்தார்.

ஆலைக்குள் நிலைமை வேறு. ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் விரல் நீளத்தில் நாலு பட்டை மரக்கட்டை ஒன்று தொங்கியது. கறுப்பு மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. முந்தைய நாள் நடத்தைக்குரிய நிறத்தை மேற்பார்வையாளர் முன்பக்கம் திருப்பி வைப்பார், குறிப்பேட்டிலும் ஏற்றுவார். இதற்குப் பெயர் 'பேசாத கண்காணி'. திட்டு இல்லை, தண்டம் இல்லை. ஆனால் கறுப்புக் கட்டைக்குக் கீழே நின்று நாளெல்லாம் நூல் நூற்பது தண்டனை இல்லையென்று சொல்ல, அந்த இடத்தில் நிற்காதவரால்தான் முடியும்.

நடத்தைக்குத் தொழிலாளி பொறுப்பில்லை என்றால் கட்டை எதற்கு? அதுவும் திருத்தும் சூழலில் ஒரு பகுதி என்று ஓவன் தரப்பில் பதில் சொல்லலாம். பதில் பொருந்துகிறது, சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எல்லாரையும் சூழல் ஆக்குகிறது என்றால், சூழலை ஆக்குகிறவரை ஆக்கியது எது? மேற்பார்வையாளர் நிறத்தைத் திருப்பினார், ஓவன் குறிப்பேட்டைப் பார்த்தார். ஓவனுக்கென்று ஒரு கட்டை எங்கும் தொங்கவில்லை. இத்தகைய கொள்கை சமூகத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பகுதியை மற்றதற்கு மேலே வைக்கிறது என்று 1845இல் மார்க்ஸ் குறித்துவைத்தார். 1888இல் அதை அச்சிட்ட எங்கெல்ஸ், உதாரணமாக ஓவன் பெயரைச் சேர்த்தார்.

பங்குதாரர்கள் தத்துவத்தில் இறங்கவில்லை. பள்ளியில் விவிலியம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1813இல் ஓவனோடு சேர்ந்தவர்களில் தத்துவவாதி பெந்தமும், குவேக்கர் சமயத்தவரான வில்லியம் ஆலனும் இருந்தார்கள். 1817இல் லண்டன் கூட்டத்தில் ஓவன் உலகச் சமயங்கள் அனைத்தையும் பகிரங்கமாகச் சாடிய பிறகு ஆலனின் கவலை முற்றியது. 1824இல் ஆலன் தரப்பின் விருப்பம் நிறைவேறியது. விவிலியப் பாடம் உறுதியானது, நிர்வாகச் செலவில் ஆடல் கற்பிப்பது நின்றது, முழங்கால் தெரியும் கில்ட் உடையில் ஆடிய பையன்கள் ஆறு வயதுக்கு மேல் கால்சட்டை போட வேண்டும் என்றானது. அந்த ஆண்டு அக்டோபரில் ஓவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நிலையத்தின் கதவு வழக்கம்போல் காலையில் திறந்தது.