திறந்து கிடக்கும் வாசல் – வீட்டு வைஃபை ஓர் அமானிதம்



கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இரவில் கதவைச் சாத்துங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்கை அணையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. எலி திரியை இழுத்துப்போய் வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள். எலி வரைக்கும் யோசித்த மார்க்கம் இது!

நாமும் கதவைச் சாத்துகிறோம், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறோம். ஆனால் ஹாலில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டி? அதன் சிக்னல் நம் சுவரோடு நிற்பதில்லை. மாடி வீட்டுக்கும் தெருவுக்கும் போகிறது. பாஸ்வேர்டு இல்லையென்றால் அது இரவு பகல் திறந்து கிடக்கும் வாசல். பெட்டியை மாட்ட வந்த பையன் என்ன செய்துவிட்டுப் போனான் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

"நெட்தானே ஹஜ்ரத், கொஞ்சம் போனால் போகட்டுமே" என்பீர்கள். போவது நெட் மட்டுமல்ல.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் இருந்திருக்கிறது. அதன் வழியாக வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். குற்றவாளி அவரில்லை என்று தெளிவாவதற்குள் விசாரணை, கணினிகள் பறிமுதல், டிவியில் முகம் என்று எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஐபி முகவரி காட்டுவது இணைப்பைத்தான், பயன்படுத்தியவரின் முகத்தை அல்ல. அந்த இடத்தில் உங்கள் பெயரை வைத்து யோசித்துப் பாருங்கள். நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று இருக்கிறது. எனக்கு இதுதான் அதிக பயம். உம்மா தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்குள் கேமரா வைக்கிறோம். அந்தக் கேமராவும் அதே வைஃபையில்தான் ஓடுகிறது. கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையே பலர் மாற்றுவதில்லை. வைஃபைக்குள் வந்துவிட்ட அந்நியனுக்கு அந்தக் கேமராவைத் தொடுவது சுலபமாகிவிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது, நாயகம் எவ்வளவு கடுமையாகக் கோபித்தார்கள்! அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்ற கருத்தை அப்போதுதான் சொன்னார்கள். வீட்டுப் பெண்களின் பர்தாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்தத் துவாரத்தை அடைப்பது யார் பொறுப்பு?

பக்கத்து வீட்டு வைஃபை திறந்திருக்கிறது என்று படம் பார்க்கும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. அந்நூர் அத்தியாயத்தின் 28ஆம் வசனம், ஆளில்லாத வீட்டுக்குள்ளும் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கிறது. வாசல் திறந்திருப்பது அனுமதி ஆகாது.

"அண்டை வீட்டார் ஹக் என்னாவது, அந்த ஏழைப் பிள்ளை நம் நெட்டில்தானே படிக்கிறது?" என்று சிலர் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். பல ரௌட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி இருக்கிறது. அதற்கு வேறு பாஸ்வேர்டு போட்டு அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் கொடுங்கள். திண்ணையில் உட்கார வைத்து உபசரிப்பது போல, நம் வீட்டு அறைகளுக்குள் அது போகாது. கவனக்குறைவாகத் திறந்து போட்டுவிட்டு அதற்கு ஸதகா என்று பெயர் வைக்காதீர்கள்.

தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும் போனை எடுத்து உங்கள் வைஃபை பெயரைப் பாருங்கள். பக்கத்தில் பூட்டு அடையாளம் இல்லையென்றால் வாசல் திறந்திருக்கிறது. பூட்டு இருந்தாலும் பாஸ்வேர்டு உங்கள் போன் நம்பர் என்றால் தெருவுக்கே தெரியும். நீளமாக மாற்றுங்கள். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய டபிள்யூஇபி வேண்டாம், அதை உடைப்பது எளிது. ரௌட்டருக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டு தனி. அதையும் மாற்றுங்கள். கேமராவை மறக்க வேண்டாம்.

இதெல்லாம் புரியாத பெரியவர்கள் வெட்கப்பட வேண்டாம். நம் ஜமாஅத்தில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அஸருக்குப் பிறகு பள்ளி வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன், கூட்டிக்கொண்டு போங்கள். புது பாஸ்வேர்டை மட்டும் நீங்களே டைப் செய்யுங்கள்.