முன்னோரை வணங்குவதும் அறிவதும்

கிராமத்தில் பிறந்து உழுது மறைந்த ஒரு முன்னோரின் வாழ்வையும் குடும்பத்தையும் தேடிக் கண்டறிவது பிதிர்க்கடனில் சேருமா என்ற கேள்விக்குப் பழைய நூல்களில் கிடைக்கும் விடை பலர் எதிர்பார்ப்பதற்கு மாறானது. அந்தணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் எனக் கூறும் வேத நூலான தைத்திரீய சங்கிதை, முனிவர்க்குரியதைக் கல்வியாலும், தேவர்க்குரியதை வேள்வியாலும், பிதிரர் எனப்படும் மறைந்த முன்னோர்க்குரியதை மக்கட்பேற்றாலும் தீர்க்கச் சொல்கிறதேயன்றி, அம்முன்னோர் எவ்வாறு வாழ்ந்தார் என்று அறியுமாறு அங்கே கேட்கவில்லை.

சடங்கின் அமைப்பும் இதையே காட்டுகிறது. எள்ளும் நீரும் விடும் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூவரும் முறையே வசு, ருத்திரர், ஆதித்தியர் என்னும் தேவ வடிவங்களாகக் கருதப்படுகின்றனர். புதிதாக இறந்தவரைப் பிதிரர் வரிசையில் சேர்க்கும் சபிண்டீகரணம் நிகழும்போது, அவ்வரிசையின் மூத்தவர் பெயர் சொல்லி அழைக்கப்படும் இடத்திலிருந்து விலகிவிடுகிறார். பெயரே தெரியாவிட்டால் அதற்கு ஈடாகச் சொல்லவேண்டிய பொதுப்பெயர்களையும் சூத்திர நூல்கள் வகுத்துள்ளன. ஆக, சடங்கு போற்றுவது முன்னோர் என்னும் இடத்தை. அவ்விடத்தில் இருந்த ஆளை அன்று. இதைக் குறை என்று கொள்வதற்கில்லை, ஏனெனில் எதுவும் அறியாதவரும் கடனைத் தீர்க்க அது வழிசெய்கிறது.

வைதிகச் சடங்குக்கு வெளியே, வடதமிழகக் குடும்பங்களில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி எனத் திருமணத்துக்கு முன் வழிபடும் வழக்கத்தில், அவள் இறந்த விதம் நினைவில் நிற்க, அவளுடைய சொந்தப் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகிறது.

ஆளை அறிய விரும்புபவர் ஆவணங்களிடம் போகவேண்டும். அவையோ பக்தியால் எழுதப்பட்டவை அல்ல. நிலவரியை உழவரிடமே நேரடியாக வாங்கிய ரயத்துவாரி முறையில் பட்டாவும் அடங்கலும் நிலமுடையவரையே குறித்தன. நிலமற்ற கூலியாளுக்கு அவற்றில் இடமில்லை, பெண்களுக்கோ மிக அரிதாகவே இடம் கிடைத்தது. அதே கூலியாள் 1860க்கும் 1911க்கும் இடையில் சென்னையில் கப்பலேறி, ஒப்பந்தத் தொழிலாளியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்த கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தால், அவருடைய பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலிருந்த தழும்பு வரை கப்பல் பதிவேட்டில் ஏறியிருக்கும். இப்படி இந்தியாவிலிருந்து அங்கு சென்றோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர். ஆளை அடையாளம் காண்பதற்காக அரசு எழுதிவைத்த அந்த வரி, இன்று டர்பனில் வாழும் கொள்ளுப்பேரனுக்கு முன்னோரின் ஊரைக் காட்டுகிறது. ஆனால் வடஆர்க்காடு மாவட்டத்து ஊரிலேயே தங்கிவிட்ட அம்முன்னோருடைய தம்பியின் வழியினருக்கு அத்தகைய ஒரு வரிகூட மிஞ்சவில்லை. ஊரைவிட்டுப் போனவரின் தடம் தெளிவாக இருக்க, ஊரிலேயே இருந்தவரின் தடம் அழிந்துபோனது விந்தைதான்.

வணக்கத்துக்கும் அறிவுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு ஆளைக் கண்டறிந்த பிறகே தொடங்குகிறது. பாட்டன் நல்லவரா என்று தர்ப்பணம் கேட்பதில்லை. தேடல் கேட்காமல் இருக்க முடியாது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிய பின்னரும், முன்கடனால் பண்ணையோடு பிணைக்கப்பட்ட படியாள் முறை தமிழகத்தில் நீடித்தது என்பதால், பழைய கடன்பத்திரமொன்றைக் கண்டெடுப்பவர் தம் முன்னோரைக் கட்டுண்டவராகவும் காணலாம், கட்டிவைத்தவராகவும் காணலாம். வினை செய்தவனையே சாரும் என்பது இந்தியச் சமய மரபுகள் பெரிதும் உடன்படும் கொள்கையாதலின், பேரன்மேல் பழியில்லை என ஒருவர் வாதிடலாம், அவ்வாதம் சரியானதே. ஆனால் பழி வராவிட்டாலும் நிலம் வந்திருக்கிறது. ஆகவே பாட்டனின் பட்டாவைத் தேடியெடுத்துப் பெருமை கொள்பவர், அந்நிலத்தில் உழைத்த படியாளின் பெயரையும் தேடக் கடமைப்பட்டவர்.