வியாசர் போட்ட நிபந்தனை

வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் மகாபாரதத்தை எழுதினார் என்ற கதை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். தந்தத்தை ஒடித்து எழுதுகோலாக்கிய கதையாகத்தான் அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதற்குள் இருக்கும் இரண்டு நிபந்தனைகளை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நான் எழுதத் தொடங்கிவிட்டால் நீர் இடையில் நிறுத்தக் கூடாது என்பது பிள்ளையார் போட்ட நிபந்தனை. பொருள் விளங்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்பது வியாசர் போட்டது. யோசிக்க நேரம் வேண்டும்போது வியாசர் சிக்கலான சுலோகம் ஒன்றைச் சொல்வார். பிள்ளையார் அதன் பொருளை அவிழ்த்து முடிப்பதற்குள் அடுத்த பகுதியை மனத்தில் கட்டிக்கொள்வார். புனே பண்டார்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பு இக்கதையை மூலத்தில் சேர்க்காமல் விலக்கியது. பிற்காலத்தவர் சேர்த்தது என்றால் என் கண்ணில் அதன் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதும் வேலையில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று பட்டறிந்த யாரோ அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

இன்று மலேசியாவின் ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ ஒருவர் தமிழில் பேசிக் கணினியை எழுத வைக்க நினைத்தால் வழிகளுக்குக் குறைவில்லை. கூகுள் 2017 ஆகஸ்டில் குரல்வழித் தட்டச்சைத் தமிழுக்கும் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் எனத் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்ட விஸ்பர், இணையம் இல்லாமல் சொந்தக் கணினியிலேயே ஓடும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பயிற்றிய மாதிரிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. இவற்றுள் எதைத் தேர்வது என்று கேட்டால், எது வேகமானது, எதில் பிழை குறைவு என்று ஒப்பிட்டுச் சொல்வதே வழக்கம். அந்த அளவுகோல்கள் போதாது என்பது என் கட்சி. இக்கருவிகள் பிள்ளையாரின் நிபந்தனையை அப்படியே நம்மீது சுமத்துகின்றன: சற்று நேரம் பேசாமல் இருந்தால் பலவற்றில் ஒலிவாங்கி தானே அணைந்துவிடும். வியாசரின் நிபந்தனையையோ அவற்றால் ஏற்கவே முடியாது. அப்படியானால் அதை நிறைவேற்றுவது யார்? மென்பொருள் வாங்கும் விஷயமாகத் தெரியும் இது, வாக்கின் பொறுப்பைப் பற்றிய சமயக் கேள்வியும்கூட.

பேச்சைக் கேட்டு எழுதும் மாதிரி செய்வது ஊகம். காதில் விழுந்த ஒலிக்கு நெருக்கமாகவும், பயிற்சியில் கண்ட வரிகளில் அடிக்கடி வந்ததாகவும் இருக்கும் சொல்லை அது தேர்ந்தெடுக்கிறது. விஸ்பரின் முதல் வடிவத்தைப் பயிற்ற 680,000 மணி நேர ஒலி பயன்பட்டது; அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து 117,000 மணி நேரம்தான். அந்தப் பங்கில் ஜொகூர்த் தோட்டத்துப் பேச்சு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? ழகரத்தை லகரமாக உச்சரிக்கும் ஒருவர், "தங்காக் பக்கம் போனப்ப லேடாங்ல மழை பார்த்தோம்" என்கிறார். 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங், மழைக்கும் பொருந்தும், மலைக்கும் பொருந்தும். 'லேடாங்' என்ற பெயரை ஒட்டி அதிகம் வரும் சொல் 'மலை' என்பதால் கருவி அதை எழுதிவிட்டால், வாக்கியத்தில் ஒரு குறையும் தெரியாது. இலக்கணம் சரி, பொருள் சரி. சொன்னவர் சொன்னது மட்டும் அங்கே இல்லை. இதைவிடக் கலக்கம் தருவது கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலிசன் கோனெக்கேயும் சக ஆய்வாளர்களும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கில ஒலிப்பதிவுகளை விஸ்பரிடம் கொடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் யாருமே பேசாத சொற்றொடர்கள் முளைத்திருந்தன. அவற்றுள் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை வன்முறை, பொய்யான தொடர்பு, இல்லாத அதிகாரம் என்று தீங்கு விளைவிக்கக் கூடியவை. மூளைப் பாதிப்பால் பேச்சு தடைப்படுபவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது. அவர்கள் பேச்சில் இடைவெளி நீளம். மௌனம் நீளும் இடத்தில் கருவி தானாகப் பேசிவிடுகிறது.

நம் சமயங்கள் மௌனத்தை வெற்றிடமாக என்றுமே கருதியதில்லை. கல்லால மரத்தடியில் தென்முகக் கடவுள் உபதேசித்தது மௌனத்தால். குருகூர்ப் புளியமரத்தடியில் பல ஆண்டுகள் பேசாதிருந்த நம்மாழ்வாரிடம் மதுரகவி ஒரு கேள்வியோடு போய்க் காத்து நின்றார் என்கிறது வைணவ மரபு. நம்மாழ்வாரின் பாசுரங்களை ஏட்டில் எழுதியவரும் அவர்தான் என்கிறது. அந்த மௌனத்தைத் தம் சொற்களால் நிரப்ப அவர் நினைக்கவில்லை. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை ஏறுகிறது என்பது சைவ சித்தாந்தம். என் மனம் நினைக்காத, என் வாய் சொல்லாத ஒரு சொல் என் பெயரில் வெளியே போனால் அதன் வினை யாருக்கு? கருவிக்கு அல்ல, அது சடம், வினை ஏற உயிர் வேண்டும். கருவியைச் செய்தவர் எங்கோ இருக்கிறார், இந்த வாக்கியத்தை அவர் அறியவே மாட்டார். படிக்காமல் அனுப்பியவரிடம்தான் அது வந்து சேருகிறது. சொன்னதற்காக அன்று, பார்க்காமல் விட்டதற்காக. இரங்கல் செய்தி, கோயில் அறிவிப்பு, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கும் உயில், நேர்த்திக்கடன் பற்றிய குறிப்பு என்று ஒருவரைக் கட்டுப்படுத்தும் சொற்களில் இந்தப் பொறுப்பு கனமானது. மளிகைச் சாமான் பட்டியலுக்கு இவ்வளவு யோசனை வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மனிதர் எழுதியபோது மட்டும் பிழை வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. ஏடு பெயர்த்தவர்கள் விட்ட பிழைகளோடு உ.வே.சாமிநாதையர் வாழ்நாளெல்லாம் போராடினார். ஆனால் அந்தப் பிழைகள் பெரும்பாலும் பிழையாகவே தெரிந்தன: சீர் குறையும், எதுகை தட்டும், பொருள் நிற்காது. அதனால்தான் பல பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்த அவரால் முடிந்தது. கருவியின் பிழை சரளமாக, சரியானதுபோல வந்து உட்காருகிறது. அதைச் சந்தேகிக்கவே தோன்றாது. எழுதியவர் யார் என்பதும் முக்கியம். சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை புராணங்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர்கள் ஏட்டில் எழுதினார்கள். எழுதியவர்கள் இலக்கணம் கற்றவர்கள். பிறகு அவை அரங்கேற்றத்தில் பலர் முன்னே வாசிக்கப்பட்டன. மாணிக்கவாசகர் கதை இதை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. தில்லையில் அவர் சொல்ல இறைவனே எழுதினான் என்பதும், பொருள் கேட்டவர்களுக்கு அவர் கூத்தனைச் சுட்டிக் காட்டினார் என்பதும் மரபு. எழுதியவனே பொருளாக இருந்தான். வரலாறாக இதை யார் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், எழுதுபவரிடம் தமிழ் மரபு எதிர்பார்த்தது எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாயால் சொல்லி எழுதுவதே ஆழமற்றது, கை எழுதினால்தான் மனம் எழுதும் என்போருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பார்வையற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிரபந்தங்கள் பாடினார். பார்வை இழந்த மில்டன் 'பாரடைஸ் லாஸ்ட்' காப்பியத்தைப் பிறர் எழுதச் சொன்னார். வாய்வழி வருவதால் சிந்தனை மெலிந்துவிடுவதில்லை. தட்டச்சு பழகாத தமிழர்களுக்குப் பேசி எழுதுவது உண்மையான விடுதலை. தோட்டத்தில் பால் வெட்டி வாழ்ந்து, தமிழ்ப்பள்ளியில் சில வகுப்புகளோடு நிறுத்திய ஒரு பாட்டி, இன்று பேத்தியின் கணினி முன் உட்கார்ந்து தம் கதையைச் சொல்ல முடியும். ஆனால் அவர் பேசுவது கித்தாக்காடும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயமும், கிராணியும் மண்டோரும் பாசார் மாலாமும் கலந்த தமிழ். பேச்சைத் திருத்தி, மெருகேற்றித் தருவதாகச் சொல்லும் கருவிகள் பெருகிவருகின்றன. கித்தாக்காட்டை ரப்பர் தோட்டமாக்கி, "வந்துட்டாங்க" என்பதை "வந்துவிட்டார்கள்" ஆக்கித் தருவது உதவி என்று சிலர் வாதிடுவார்கள். எழுத்துக்கு எழுத்துத்தமிழ்தான் முறை, வாசகர் அதைத்தானே எதிர்பார்க்கிறார் என்பார்கள். அந்த மாற்றத்தைப் பாட்டி தாமே செய்தால் ஆட்சேபமில்லை. பேத்தி அவரைக் கேட்டுச் செய்தாலும் சரி. அவர் அறியாமல் நடப்பதுதான் தவறு. லயத்தில் வாழ்ந்தவரின் சொல்லை, லயத்தைக் கேள்விப்படாத ஒன்று மாற்றுகிறது.

குரல் எங்கே போகிறது என்பதும் இந்தப் பொறுப்பில் சேர்ந்ததே. இணையவழிச் சேவையில் நாம் பேசுவது முதலில் வேறெங்கோ இருக்கும் கணினிக்குப் போய், எழுத்தாகத் திரும்புகிறது. ஜொகூர்க்காரர்களுக்கு அந்த 'எங்கோ' இப்போது கண்ணெதிரே நிற்கிறது. 2021-இல் ஒய்டிஎல் பவர் குழுமம் பௌஸ்டெட் பிளாண்டேஷன்ஸிடமிருந்து ஏறத்தாழ 664 ஹெக்டர் பரப்புள்ள கூலாய் யங் தோட்டத்தை வாங்கியது. அங்கே தரவு மைய வளாகம் எழுந்தது. 2023 டிசம்பரில் என்விடியாவோடு செயற்கை நுண்ணறிவுக் கூட்டு அறிவிக்கப்பட்டது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டபோது உடல் அடையாளத் தரவு உணர்திறன் மிக்க வகையில் சேர்க்கப்பட்டது. சட்டம் நல்லதுதான். என்றாலும் பிரார்த்தனையையும் மனத்தாங்கலையும் குடும்ப இரகசியத்தையும் சொல்லி எழுதுபவர், சொந்தக் கணினியைத் தாண்டாத மென்பொருளைத் தேடுவதே முறை. விஸ்பர் போன்றவை பழைய கணினியில் மெதுவாகத்தான் ஓடும். அந்தத் தாமதம் யோசிக்கக் கிடைக்கும் நேரம், வியாசர் சிக்கலான சுலோகம் சொல்லிச் சம்பாதித்துக்கொண்ட நேரத்தைப் போல.

எல்லாவற்றையும் திரும்பப் படிக்கச் சொல்வது பார்வை மங்கியவர்களையும் எழுத்தறியாதவர்களையும் ஒதுக்குவதாகாதா? என் வாதத்தின் மீது வைக்கக்கூடிய ஆட்சேபங்களில் இதுவே கனமானது; அவர்களுக்குத்தான் இந்தக் கருவி மிகவும் வேண்டும். கண்ணால் படிக்க முடியாதவர் காதால் படிக்கலாம். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும். குரல் கரடுமுரடாக இருந்தாலும் சொல் தெளிவாக விழும், 'மலை' என்று கேட்ட உடனே "இல்ல, மழை" என்று திருத்த முடியும். இன்னும் நல்லது, பேசிய ஒலியை அழித்துவிடாமல் எழுத்தின் பக்கத்திலேயே வைத்திருப்பது. ஒலிக்கோப்பைக் கொடுத்து எழுத்தைப் பெறும் முறையில் அது இயல்பாகவே கையில் தங்கும். பேசப் பேசத் திரையில் எழுத்தை விரித்துக் காட்டும் சேவைகள் பலவற்றில் எழுத்து மட்டும் மிஞ்சும். ஆகவே பாட்டியின் கதையைப் பதிய நினைக்கும் பேத்தி முதலில் ஒலியைத் தனியே பதிந்துகொள்ளட்டும். பிறகு மெருகேற்றும் வசதியை அணைத்துவிட்டு, சொந்தக் கணினியில் அதை எழுத்தாக்கட்டும். கருவி சந்தேகத்துக்கு இடமின்றி எழுதிய வரிகளையும் பாட்டிக்கு வாசித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே அச்சுக்கு அனுப்பட்டும்.