மலைக்கு வந்த சுதந்திரம்

1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்றபோது, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் எதுவும் மாறிவிடவில்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் மலையாளிப் பழங்குடி மக்கள் முன்பு போலவே வாழ்ந்தார்கள். மழை இறங்கியதும் தன் சாமைக் காட்டைக் கவனிக்க நினைக்கிற மனிதன், ஏரைத் தோளில் சுமந்துபோய் முதலில் ஜாகிர்தாரின் நிலத்தை உழுதுவிட்டு வர வேண்டும். கூலி கிடையாது, கேட்கும் வழக்கமும் கிடையாது. அந்த ஆளுகை முடிவுக்கு வந்தது 1976-இல். அடிவாரத்திலிருந்து மலையுச்சிக்கு வந்துசேர, சுதந்திரம் 29 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அந்த ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1976 நெருக்கடிநிலையின் காலம். பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன, தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கலைக்கப்பட்டிருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். நாடெங்கும் உரிமைகள் பறிபோயிருந்த நேரத்தில் இந்த மலைக்கு மட்டும் உரிமை வந்து சேர்ந்தது. அப்படியானால் நாம் சுதந்திரம் என்று எதைச் சொல்கிறோம்? ஓர் அரசாணையால் கிடைப்பதும், இன்னோர் அரசாணையால் பறிபோவதும் ஒரே பொருள்தானா?

இந்தக் கேள்வியை நம்மிடையே மிக முன்னதாகக் கேட்டவர் ராஜாஜி. ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோது, 1922 ஜனவரியில், அவர் தம் நாட்குறிப்பில் ஓர் எச்சரிக்கையை எழுதிவைத்தார். விடுதலை வந்தவுடன் நல்லாட்சி வந்துவிடாது. தேர்தலும் அதன் ஊழலும், பணத்தின் கொடுமையும், நிர்வாகத்தின் திறமையின்மையும் மக்களின் வாழ்வை நரகமாக்கும். சிறுவயது முதலே நன்னடத்தையையும் இறையச்சத்தையும் அன்பையும் எல்லோருக்கும் பயிற்றுவிக்கும் கல்வி ஒன்றே நம்பிக்கை என்பது அதன் சாரம். விடுதலைக்காகச் சிறை சென்ற ஒருவர், அந்த விடுதலை கைக்கு எட்டுவதற்கு 25 ஆண்டுகள் முன்பே, சிறைக்குள் உட்கார்ந்து இப்படி எழுதினார் என்பதுதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. அந்நியன் போவது விடுதலையின் பாதி. நம்மை நாமே ஆளத் தகுதி பெறுவது மறுபாதி என்று அவர் கருதினார்.

தலைமை என்பதற்கும் அவர் ஒரு சான்றை விட்டுச் சென்றார். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகி, அந்த அக்டோபர் முதல் நாளிலேயே தாம் வழக்கறிஞராக வாழ்ந்த சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலத்தைச் சேர்ந்தது. கிழக்குச் சரிவு அன்றைய தென்னாற்காடு. கள்ளும் சாராயமும் கருவூலத்தை நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வணிகர்களின் கோபத்துக்கு ஆளானார். ஏழையின் குடியிலிருந்து வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வசதியுள்ளவரின் வசையை வாங்கிக்கொள்ளும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறைக் கடந்த அந்த வயதில் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சந்தித்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவர் கையில் எந்தப் பதவியும் இல்லை.

ஆனாலும் இந்த மலையடிவாரத்தில் நின்று யோசிக்கும்போது, ராஜாஜியின் சுதந்திரக் கொள்கை முழுமையானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது, அரசின் கை குடிமகனின் உழைப்பிலும் உடைமையிலும் அளவுக்கு மீறி நுழைவதே பெரிய ஆபத்து என்று அவர் வாதிட்டார். லைசென்ஸும் பர்மிட்டும் தருகிறவனிடம் குனிந்து நிற்கும் சமுதாயத்தில் ஒழுக்கம் அழுகும் என்ற அவர் கவலையில் உண்மை உண்டு. கல்வராயனிலோ அடிமைத்தனத்தைக் கட்டிக்காத்ததே உடைமைதான். அந்த விலங்கை உடைக்க அரசின் கை வேண்டியிருந்தது, அதுவும் மிகத் தாமதமாகவே நீண்டது. தனக்கென்று ஒரு பகல் பொழுதுகூட இல்லாத மனிதனிடம் நன்னடத்தையைக் கேட்பது எளிது. அந்த நன்னடத்தை வேரூன்ற ஒரு காணி நிலமும், பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடமும், நோய்க்கு ஓர் ஆஸ்பத்திரியும், அவற்றைச் சென்றடைய ஒரு சாலையும் வேண்டும் என்பதை உணர்ந்து, குடிமக்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு தன் கடமையை நிறைவேற்றுகிறவனே தலைவன் என்ற சொல்லுக்குத் தகுதி பெறுகிறான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. பாக்கெட்டில் விற்ற சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. குடித்தவர்களுக்கு வயிறு புரண்டது, கண் மங்கியது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். அதன்பின்தான் கல்வராயன் மலையின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை இல்லை, வசதி இல்லை, சாராயம் காய்ச்சுவதைத் தவிரப் பிழைப்பு இல்லை என்ற பேச்சு அப்போதுதான் ஊருக்குக் கேட்டது. அத்தனை உயிர்கள் போன பிறகே ஒரு மலையை நாம் திரும்பிப் பார்த்தோம் என்பது நம் எல்லோருடைய நடத்தையைப் பற்றிய செய்தி. காய்ச்சியவனும் விற்றவனும் குற்றவாளிகள், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குச் சட்டத்தால் விடுதலை கொடுத்துவிட்டு, அடுத்த தலைமுறைக்கு வாழும் வழியைக் கொடுக்காமல் விட்ட ஆட்சிகளும், அவற்றை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டு மலையைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்காத சமவெளி வாக்காளர்களாகிய நாமும் அந்தக் கணக்கிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. ராஜாஜி சிறையில் அஞ்சிய நரகம் இதுதான்.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் மலைக்கு அருகில் வந்துவிட்டது. வெள்ளிமலையில் வட்டாட்சியர் அலுவலகமும் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சுதந்திர தினத்தன்று பிள்ளைகளுக்கு 1947-ஐச் சொல்லும்போது 1976-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மூன்று ஜாகிர்தார்களின் பெயரையும், கூலியில்லாமல் உழுதவர்களின் கதையையும் சொல்லுங்கள்.