தேதி குறித்த வீடும் தேவன் கட்டும் வீடும்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரம்

 

நம் சபையிலே பல குடும்பங்கள் சொந்த வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். வாடகை வீட்டில் பாத்திரம் பண்டத்தோடு தெருத் தெருவாக மாறின ஜனங்களுக்குக் கர்த்தர் ஒரு மனையைக் கொடுத்தது சின்னக் காரியம் அல்ல. ஆனால் அஸ்திவார ஜெபத்துக்கு என்னை அழைக்கிறவர்கள், ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது எல்லாரும் ஒரே விண்ணப்பத்தைத்தான் வைக்கிறார்கள். "பாஸ்டர், கிறிஸ்மஸுக்குள்ள வீடு முடியணும்னு ஜெபம் பண்ணுங்க."

ஜெபிக்கிறேன். ஆனால் ஊழியத்துக்கு வருமுன் கொத்தனாருக்குக் கையாளாய் மண் சுமந்தவன் நான். ஆகவே ஜெபத்தோடு ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன்.

ஒரு வீடு கட்ட எவ்வளவு காலம் ஆகும்? சாலொமோன் கட்டின ஆலயத்தைப் பாருங்கள். நீளம் 60 முழம், அகலம் 20 முழம். முழத்துக்கு ஒன்றரை அடி வைத்துக்கொண்டால் 90 அடிக்கு 30 அடி, அதாவது 2,700 சதுர அடி. முன்மண்டபத்தையும் சுற்றுக்கட்டையும் தவிர்த்துப் பார்த்தால், இன்றைக்கு வசதியுள்ளவர் கட்டுகிற ஒரு பெரிய வீட்டின் அளவுதான்! மலைகளிலே கல் வெட்டினவர்கள் 80,000 பேர். சுமை சுமந்தவர்கள் 70,000 பேர். பணத்துக்குக் குறைவில்லை, மரத்துக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் ஆன காலம் 7 வருஷம். தன் அரமனைக்கு அவனுக்கு 13 வருஷம் ஆயிற்று. மொத்தம் 20 வருஷம்.

அதுவும் அஸ்திவாரத்திலிருந்து எண்ணின கணக்கு. அதற்கு முன்னே தாவீது பொன்னையும் வெள்ளியையும் இரும்பையும் கேதுரு மரத்தையும் சேர்த்து வைத்தான். கட்டிடத்தின் மாதிரியை, இன்றைய பேச்சில் சொன்னால் பிளானை, மகன் கையிலே கொடுத்தான் (1 நாளா. 28). கல்லையெல்லாம் வெட்டுகிற இடத்திலேயே செதுக்கி முடித்துக் கொண்டுவந்தபடியால், ஆலயம் எழும்பும்போது அங்கே சுத்தியல் சத்தமே கேட்கவில்லை என்று வேதம் சொல்லுகிறது. நம் வீடுகளிலோ சுவர் பூசின பிறகு "இந்த இடத்துல ஒரு ஜன்னல் வேணும்" என்று உடைக்கிறோம். பிளான் காகிதத்தில் இருக்கும்போது ஒரு மாதம் கூடுதலாய் யோசிப்பதற்குச் செலவு இல்லை. சுவரை உடைத்தால் காலமும் போகும், காசும் போகும்.

"பாஸ்டர், நெகேமியா 52 நாளில் முடிச்சாரே?" என்று ஒரு வாலிபன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. நெகேமியா புதிதாய் ஒன்றைக் கட்டவில்லை. இடிந்து கிடந்த அலங்கத்தை எடுத்துக் கட்டினான். அவனவன் தன் தன் வீட்டுக்கு எதிரே நின்று வேலை செய்தான். அதற்கும் முன்னே, எருசலேமின் நிலையைக் கேள்விப்பட்டதுமுதல் ராஜாவிடம் வாய் திறக்கிற நாள்வரைக்கும் ஏறக்குறைய 4 மாதம் உபவாசித்து ஜெபித்துக் காத்திருந்தான். நமக்கு அந்த 52 நாள் ஞாபகம் இருக்கிறது, அந்த 4 மாதம் ஞாபகம் இல்லை!

நம்ம ஊர்க் கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடியில் ஒரு தளம் போட்ட வீடு, பணமும் ஆளும் தட்டாமல் கிடைத்தால், 8 மாதத்திலிருந்து ஒரு வருஷம் என்று அனுபவமுள்ள மேஸ்திரி சொல்லுவார். நடுவிலே ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் இன்னும் கூடும். பிளான் அப்ரூவல் முன்னைப் போல இல்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுகிற வீட்டுக்கு, 2024 ஜூலை மாதம் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். நல்ல காரியம். ஆனால் காகிதத்துக்கு வேகம் வந்ததே ஒழிய, சிமெண்டுக்கு வேகம் வரவில்லை.

வானம் தோண்டிக் கடைக்கால் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, திம்சு போட்டு இறுக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஒரு மழைக்காலத்தை அப்படியே அதன்மேல் விட்டுவிடுவார்கள். மண் தானாய் அமரட்டும் என்பார்கள். செங்கல் சுவரை நல்ல கொத்தனார் ஒரே நாளில் ஐந்து அடிக்கு மேல் ஏற்றமாட்டார். கீழே உள்ள கலவை இறுகுமுன்னே மேலே பாரம் ஏறக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

தளம் போடுகிற நாள் எல்லாருக்கும் சந்தோஷ நாள். மறுநாள் பார்த்தால் கான்கிரீட் கல் மாதிரி இருக்கும். அதன்மேல் நடக்கலாம். ஆனால் அது இன்னும் பெலன் கொள்ளவில்லை. இன்ஜினியர்கள் 28-ஆம் நாள் பெலத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 7-ஆம் நாளில் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தரக்குறியீடு, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் கீழே இருக்கிற முட்டைக் குறைந்தது 7 நாளும், அதைவிடப் பெரிய தளத்துக்கு 14 நாளும் எடுக்கக்கூடாது என்கிறது. 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண சிமெண்டுக்குச் சொன்னது. இப்போது நாம் அதிகமாய் வாங்குகிற பி.பி.சி. சிமெண்ட் மெதுவாய்ப் பெலன் கொள்ளும், அதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். நம் வெயிலுக்கு 10 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும்.

இங்கேதான் பிசாசு வருகிறான். "முட்டுக்கு நாள் வாடகை ஏறுது, சீக்கிரம் பிரிச்சிடலாம்" என்று ஒரு சத்தம். "வீட்டு வாடகையும் கட்டுறோம், பேங்க் வட்டியும் கட்டுறோம்" என்று இன்னொரு சத்தம். அந்தப் பாரம் எனக்குத் தெரியும், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பிரியமானவர்களே, அந்தத் தளத்துக்குக் கீழேதான் உங்கள் பிள்ளைகள் தூங்கப்போகிறார்கள்!

நாம் ராகு காலம் பார்ப்பதில்லை. ஆடி மாதம் என்று வேலையை நிறுத்துவதில்லை. வாஸ்து பார்த்து வாசலை மாற்றுவதில்லை. ஸ்தோத்திரம்! ஆனால் "ஜனவரி ஒண்ணாம் தேதி", "எங்க கல்யாண நாள்", "வெளிநாட்டிலிருந்து மச்சான் வர்ற நாள்" என்று நாமே ஒரு தேதியைக் குறித்துவிட்டு, அந்தத் தேதிக்காகக் கந்து வட்டி வாங்குகிறோம். ஞாயிறு ஆராதனையை விடுகிறோம். மேஸ்திரியை ஏசுகிறோம். புருஷனும் மனைவியும் பேச்சை நிறுத்துகிறோம். நாள் நட்சத்திரத்தை விட்டுவந்த ஜனம் காலண்டருக்கு அடிமையாகலாமா?

இன்னொன்றையும் தேவ பயத்தோடு எழுதுகிறேன். "மூன்று மாதத்தில் சொந்த வீடு" என்று சில கூட்டங்களில் தீர்க்கதரிசனம் சொல்லப்படுகிறது. தேவன் இன்றும் பேசுகிறார். அதை முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனால் நாத்தான் தீர்க்கதரிசியைப் பாருங்கள். ஆலயம் கட்ட விரும்பின தாவீதுக்கு உடனே "செய்யும்" என்ற பொருளில் சொல்லிவிட்டான். அன்று ராத்திரியிலேயே கர்த்தர் அதைத் திருத்தினார். கட்டுகிறவன் தாவீது அல்ல, அவன் மகன் (2 சாமு. 7). மெய்யான தீர்க்கதரிசியே திருத்தப்பட்டான் என்றால், நாம் கேட்கிற வார்த்தையை நிதானித்துப் பார்க்க வேண்டாமா? ஜெபத்தினால் மழை நிற்கும், மலை பெயரும். ஆனால் ஒருவர் சொன்ன தேதிக்காக 5-ஆம் நாளில் முட்டைப் பிரிப்பது விசுவாசம் அல்ல. அது ஆண்டவரைப் பரீட்சை பார்ப்பது.

இப்போது என் உள்ளத்தைத் தொட்ட காரியத்தைச் சொல்லுகிறேன். 127-ஆம் சங்கீதம் சாலொமோனின் பெயரில் இருக்கிறது. அரமனையும் ஆலயமும் கட்டினவன் தன் அனுபவத்தைச் சொல்லுகிறான். கர்த்தர் கட்டாவிட்டால் கட்டுகிறவன் பாடு வீண், அவர் தமக்குப் பிரியமானவனுக்குத் தூக்கத்தைக் கொடுக்கிறார் என்பது அதன் கருத்து. வீட்டைப் பற்றிப் பேசுகிற இடத்தில் தூக்கம் எதற்கு? தளம் போட்ட ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மேஸ்திரி போய்விட்டார். சித்தாளும் போய்விட்டாள். நீங்களும் தூங்குகிறீர்கள். ஒருவர் கையும் அதன்மேல் இல்லை. ஆனால் அந்த ராத்திரியிலும் தளம் பெலன் கொள்ளுகிறது! தண்ணீர் ஊற்றலாம், காத்திருக்கலாம், அவ்வளவுதான் நம்மால் ஆகும். இறுக்குகிறவர் வேறொருவர். மனுஷன் கையை எடுத்த பிறகு தேவன் கட்டுகிற நாட்கள் அவை. அல்லேலூயா!

உங்கள் வாழ்க்கையிலும் வேலை நின்றுபோனதுபோலத் தெரிகிற நாட்கள் உண்டு. ஜெபத்துக்குப் பதில் இல்லை, பிள்ளைக்கு வேலை இல்லை. "கர்த்தர் கைவிட்டாரோ?" என்கிறீர்கள். இல்லை, தளம் இறுகுகிறது. சபையும் ஜெபக்குழுவும் மூப்பர்களும் உங்களைத் தாங்குகிற முட்டுகள். அவசரப்பட்டு அவைகளைத் தட்டிவிடாதிருங்கள். தண்ணீராகிய வசனம் காயாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுகிறவர்களுக்கு மூன்று ஆலோசனை. ஒன்று, கோபுரம் கட்டுகிறவனைப்பற்றி ஆண்டவர் சொன்னபடி (லூக். 14) முதலில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பணத்தை மட்டும் அல்ல, நாட்களையும் எண்ணுங்கள். மேஸ்திரி 8 மாதம் என்றால் 12 மாத வாடகையை எழுதி வையுங்கள். பேங்க் கடனை வேலை நடக்க நடக்கத்தான் கட்டங்கட்டமாய்த் தருவார்கள் என்பதை மறவாதிருங்கள். இரண்டு, சனிக்கிழமை சம்பளத்தைச் சனிக்கிழமையே கொடுங்கள். கூலியைப் பிடித்து வைத்து வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்று எரேமியா எழுதினான் (எரே. 22). மூன்று, பிரதிஷ்டைக்கு முன்கூட்டியே பத்திரிகை அடிக்காதிருங்கள். வீடு முடியட்டும், பிறகு தேதி வைப்போம். எந்தச் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாலும் நான் வருகிறேன்.

இன்னும் வாடகை வீட்டில் இருக்கிற சகோதர சகோதரிகளே, பிரதிஷ்டை ஆராதனைகளில் பின்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளுகிற உங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆபிரகாம் கடைசிவரை கூடாரத்தில் குடியிருந்தான். தாவீது சேர்த்து வைத்தான், கட்டவில்லை. அவர்களைக் கர்த்தர் குறைவாய் எண்ணவில்லை. பிதாவின் வீட்டிலே நமக்கு ஒரு ஸ்தலத்தை ஆயத்தம்பண்ணப் போகிறேன் என்று சொன்ன நாசரேத்தூர்த் தச்சர் இன்னும் திரும்பி வரவில்லை. அவருடைய தேதி நமக்குத் தெரியாது. ஆனால் அவர் கட்டுகிற வீட்டில் விரிசல் இராது.

ஜெபிப்போம். அன்பின் பிதாவே, வீடு கட்டுகிற உம்முடைய பிள்ளைகளுக்குப் பொறுமையைத் தாரும். கடனுக்கும் அவசரத்துக்கும் அவர்களை விலக்கிக் காத்தருளும். அந்த வீட்டில் வேலை செய்கிற ஒவ்வொரு கையையும் ஆசீர்வதியும். வீடு இல்லாதவர்களுக்கு நீரே அடைக்கலமாயிரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபை ஊழியன்