பதவிக்கு மானநஷ்டம் உண்டா?

ஒரு மந்திரியின் நிர்வாகத்தைப் பற்றிப் பத்திரிகை ஒன்று எழுதிய செய்தி மெய்யா பொய்யா என்று நிச்சயமாவதற்கு முன்னரே, அதை எழுதியவரும் அச்சிட்டவரும் வருஷக்கணக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்க வேண்டும் என்பதற்கு ஒரு தேசத்தின் சட்டம் இடங்கொடுக்குமானால், அந்தச் சட்டம் எதைக் காக்கிறது என்று கேட்பது பிரஜைகளின் கடமையாகும். மானத்தைக் காக்கிறது என்பது சட்டத்தின் விடை. அந்த விடையை அலட்சியமாகத் தள்ளிவிடுவதற்கில்லை. பொய்ப்பழியால் பிழைப்பை இழந்தவர்கள் உண்டு. நிச்சயமான விவாகம் நின்றுபோன பெண்கள் உண்டு. பிறந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் வேற்றூருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு நியாயஸ்தலத்தின் கதவு திறந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சாமானியனுடைய மானத்துக்காகச் சொல்லப்படும் இந்த நியாயம், அதிகாரத்தில் அமர்ந்திருப்பவர் அந்த அதிகாரத்தை எவ்விதம் செலுத்தினார் என்ற கேள்விக்கும் அப்படியே பொருந்துமா என்பதுதான் ஆராயத்தக்க தர்மப் பிரச்சினை.

மெக்காலேயின் தலைமையில் 1837-இல் நகல் தயாராகி, 1860-இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு, பிறருடைய கீர்த்திக்குப் பங்கம் விளைவிப்பதைக் குற்றமாக்கியது. அதற்கடுத்த பிரிவு, இரண்டு ஆண்டு வரை வெறுங்காவலோ, அபராதமோ, இரண்டுமோ தண்டனையாகலாம் என்று விதித்தது. 499-ஆம் பிரிவுக்குப் பத்து விதிவிலக்குகள் உண்டு. பொது ஊழியர் ஒருவர் தம் உத்தியோகக் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு அபிப்பிராயம் கூறுவது அவற்றுள் ஒன்று. இவ்விதிவிலக்குகளிலேயே பத்திரிகைக்குப் போதிய அபயம் இருக்கிறதென்று வாதிப்பார் உளர். விதிவிலக்கை நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமேலேயே விழுகிறது என்பதையும், கூறியது சத்தியமாயிருந்தால் மட்டும் போதாது, பொதுநன்மையின் பொருட்டே கூறினோம் என்றும் காட்டியாக வேண்டும் என்பதையும், இவ்விரண்டையும் செய்வதற்குரிய சமயம் பெரும்பாலும் விசாரணையின்போதுதான் வாய்க்கும் என்பதையும் சேர்த்து நோக்கினால், அந்த அபயம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விளங்கும்.

விசாரணைக்கு முன்னே சம்மன் வருகிறது. சம்மனுக்குப் பின் ஜாமீன், ஜாமீனுக்குப் பின் வாய்தா, அதன்பின் மற்றொரு வாய்தா. பெரிய ஸ்தாபனம் வக்கீலை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். மாவட்டத் தலைநகரில் சொற்பப் பிரதிகள் அச்சிட்டு விற்கும் பத்திராதிபர் என்ன செய்வார்? முடிவில் அவர் விடுதலையே அடைந்தாலும், செலவழிந்த பணத்தையும் கழிந்த வருஷங்களையும் அவருக்கு மீட்டுத் தருவார் யாருமில்லை. இதனைக் காணும் அடுத்த பத்திராதிபர், தம் நிருபர் கொண்டுவந்த செய்தி எவ்வளவு ஆதாரமுள்ளதாயினும், அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார். தீர்ப்பினால் அன்று, வழக்கினாலேயே தண்டனை நிறைவேறிவிடுகிறது.

மந்திரிகளுக்கும் பொது ஊழியர்களுக்கும் சட்டம் இன்னொரு வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. தம் மானத்துக்குப் பங்கம் நேர்ந்ததாகக் கருதும் சாதாரண மனிதர் மாஜிஸ்திரேட்டிடம் தாமே போய் முறையிட வேண்டும். தாமே சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். மந்திரிக்கோ, உத்தியோகக் காரியத்தைப் பற்றிய அவதூறாக இருந்தால், சர்க்காரின் அனுமதி பெற்றுச் சர்க்கார் வக்கீலே நேராகச் செஷன்ஸ் கோர்ட்டில் புகார் செய்வார். சுதந்திரம் வந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1955-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வாயிலாக இம்முறை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம் பெற்றது. 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 199-ஆம் பிரிவாக நிலைத்தது. ஆள்பவரை விமர்சித்த பிரஜையின் மேல், அந்தப் பிரஜை செலுத்திய வரிப்பணத்தைக் கொண்டே வழக்கு நடத்தப்படுகிறது. இதில் உள்ள அநீதியை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது.

மானநஷ்ட வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ஆகிய இருவரே கட்சிக்காரர்கள் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஒருவருடைய கீர்த்தியும் மற்றவருடைய பேச்சுரிமையுமே அங்கே எதிரெதிரே நிற்பதாகத் தோன்றுவதால், இருவரும் தனிமனிதர்கள்தாமே, இருவருடைய உரிமையும் சமந்தானே என்று தீர்மானித்துவிடுகிறோம். அவ்வழக்கில் சேர்க்கப்படாத மூன்றாம் கட்சி ஒன்று உண்டு. அச்சத்தால் எழுதப்படாமற்போன செய்தியை அறிந்திருக்க வேண்டிய ஜனங்களே அக்கட்சி. அவர்களுக்கு சம்மன் போவதில்லை. அவர்கள் சார்பில் வக்கீல் எழுந்து நிற்பதில்லை. தாங்கள் எதை இழந்தோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரிய வருவதில்லை.

அந்த இழப்பு எத்தகையது என்பதை இங்கிலாந்து தேசத்துச் செல்வந்தர் ராபர்ட் மாக்ஸ்வெல்லின் சரித்திரம் காட்டுகிறது. பங்குகள் சந்தையில் விற்கப்படும் கம்பெனியை நிர்வகிக்கத் தகுந்தவர் அல்லர் என்று 1971-லேயே சர்க்கார் விசாரணையாளர்களால் குறிக்கப்பட்ட அவர், பின்னாளில் பல பத்திரிகைகளுக்கு முதலாளியாகி, தம்மைப் பற்றிச் சந்தேகம் எழுப்பியவர்கள் மீதெல்லாம் மானநஷ்ட வழக்குத் தொடுத்து வந்தார். குற்றச்சாட்டு உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பை எழுதியவர் மேலேயே சுமத்துவது இங்கிலாந்துச் சட்டம். அதனால் பலரும் வாயடைத்திருந்தனர். 1991 நவம்பரில் அவர் கடலில் இறந்துகிடந்த பிறகுதான், அவருடைய கம்பெனித் தொழிலாளரின் பென்ஷன் நிதியிலிருந்து 40 கோடி பவுனுக்கும் மேற்பட்ட தொகை சூறையாடப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அவர் தொடுத்த வழக்கு எதிலும் அந்தத் தொழிலாளிகள் கட்சிக்காரர்கள் அல்லர். ஆயினும் நஷ்டத்தைச் சுமந்தவர்கள் அவர்களே.

சக்தி வாய்ந்தோரை விமர்சிக்கும் எழுத்தில் பிழையே இருக்கலாகாது என்று சட்டம் கோரலாமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த வழக்கொன்று ஆழ்ந்த விடை தந்திருக்கிறது. 1960 மார்ச் 29-இல், மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்குப் பொருள் திரட்டும் விளம்பரம் ஒன்று 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் பிரசுரமாயிற்று. அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரில் நீக்ரோ மாணவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை அது விவரித்தது. கிங் 4 முறை கைதானதை அது 7 முறை என்றது. மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரைத் தவறாகக் குறித்தது. அவர்களுடைய போஜனசாலை பூட்டப்பட்டதாக நடவாததைச் சொன்னது. சல்லிவன் என்னும் நகர அதிகாரியின் பெயர் அதில் இல்லவே இல்லை; ஆயினும் போலீஸ் தம் பொறுப்பில் இருந்ததால் பழி தமக்கே வந்ததென்று அவர் வழக்குத் தொடுக்க, உள்ளூர் ஜூரிகள் 5 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். தங்களுக்குத் தெரியாமலே அந்த விளம்பரத்தில் பெயர் சேர்க்கப்பட்ட நான்கு நீக்ரோ பாதிரிமார்களும் பிரதிவாதிகளாக்கப்பட்டு, அவர்களுடைய மோட்டார் வண்டிகள் ஜப்தியாயின.

எதனைத் தண்டிக்க இவ்வழக்குப் பிறந்தது? தவறாகக் குறித்த பாட்டின் பெயரையா, அந்த நகரத்து அநீதியை வெளியுலகம் அறிந்துவிட்டதையா? பிழை சிறிது, உண்மை பெரிது. பிழையைப் பிடித்துக்கொண்டு உண்மையை நசுக்குவது அதிகாரத்துக்கு எளிது. 1964 மார்ச் 9-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: தம் உத்தியோக நடத்தையைப் பற்றிப் பொய் எழுதப்பட்டதென்று நஷ்டஈடு கேட்கும் அதிகாரி, எழுதியவர் பொய்யென்று தெரிந்தே எழுதினார் என்றோ, மெய்யா பொய்யா என்பதைச் சிறிதும் பொருட்படுத்தாமல் எழுதினார் என்றோ நிரூபித்தாக வேண்டும்.

அந்தத் தத்துவம் நம் நாட்டுச் சட்டத்துக்குள் நுழைந்தது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கு மூலமாகத்தான் என்பதைத் தமிழ் வாசகர்கள் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஆட்டோ சங்கர், செங்கற்பட்டுச் சிறையில் இருந்தபோது தன் சரித்திரத்தை எழுதி, 'நக்கீரன்' பத்திரிகையில் வெளியிடக் கொடுத்ததாகப் பத்திரிகை கூறிற்று. உயர் உத்தியோகஸ்தர் சிலருக்கும் தன் குற்றங்களுக்கும் இருந்த தொடர்பு அதில் சொல்லப்பட்டிருந்தது. அப்படி ஒரு சரித்திரம் எழுதப்படவே இல்லை என்று மறுத்த சிறைத்துறைத் தலைவர், அதனை வெளியிட்டால் நடவடிக்கை எடுக்கப்படுமென்று 1994 ஜூனில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எழுதியவனோ சமூகம் அருவருத்த கொலைகாரன்; அவனுடைய எழுத்துக்காக வாதாடுவது எளிதான காரியமன்று. ஆயினும் 1994 அக்டோபர் 7-இல், நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஜீவன் ரெட்டி அளித்த தீர்ப்பு அந்த எழுத்தின் பக்கமே நின்றது. வெளிவராத ஒன்றை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் சர்க்காருக்கோ அதன் உத்தியோகஸ்தர்களுக்கோ கிடையாது என்றும், உத்தியோகக் கடமையைப் பற்றிய செய்தியில் பிழையே இருந்தாலும், தகுந்தபடி விசாரித்த பின்னரே எழுதினோம் என்று காட்டினால் பத்திரிகைக்குப் போதும் என்றும் அது வரையறுத்தது. சர்க்காரோ ஸ்தல ஸ்தாபனமோ மானநஷ்டம் கேட்டு வழக்காட முடியாதென்றும் சொல்லிற்று. அதற்கு முந்திய ஆண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை டார்பிஷர் மாவட்ட சபையின் வழக்கில் வகுத்ததும் இதுவே. ஜனங்கள் கொடுத்துவைத்த ஸ்தானத்துக்கு, ஜனங்களுக்கு எதிராகக் காக்கவேண்டிய தனி மானம் ஏது?

ஆனால் அத்தீர்ப்பு நஷ்டஈட்டு வழக்கைப் பற்றியதாகவே நின்றுவிட்டது. தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளை, தக்க வழக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அது ஒதுக்கி வைத்தது. அந்தத் தக்க வழக்கு வர 22 ஆண்டுகள் ஆயின. 2016 மே 13-இல் உச்ச நீதிமன்றம், கீர்த்தி என்பது உயிர் வாழும் உரிமையிலேயே அடங்கியது, அதைக் காக்கச் சிறைத்தண்டனை விதிப்பது மிகையாகாது என்று அப்பிரிவுகளை நிலைநிறுத்தியது. மனித மானத்தின்பால் அத்தீர்ப்பு காட்டிய மதிப்பு போற்றத்தக்கது. அந்த மதிப்பைச் சாமானியனுக்கும் முதலமைச்சருக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டதில்தான் அது தவறிவிட்டது. ஏனெனில், தமிழ்நாட்டு சர்க்கார் ஐந்தே ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளைத் தொடுத்திருந்தது அதே ஆண்டில் அதே நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பொதுவாழ்வில் உள்ளவர் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகளே இடித்துரைக்க நேர்ந்தது. பல பத்திரிகைகளின் மேல் இருந்த அவ்வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் ரத்து செய்தது. சாதாரண மனிதரைப் போலச் சர்க்கார் ஆத்திரப்பட்டு அவதூறு வழக்கைக் கையில் எடுத்து ஜனநாயகத்தை நெரிக்கலாகாது என்று நீதிபதி அப்துல் குத்தூஸ் கண்டித்தார். நீதி கிடைத்தது. ஆனால் அது கிடைப்பதற்குள், வழக்குத் தொடுத்த முதலமைச்சர் மறைந்தே மூன்றாண்டுகள் கடந்துவிட்டன.

இப்படிச் சொல்வதால் பத்திரிகைகளுக்குப் பொய் சொல்லும் பட்டயம் எழுதிக் கொடுப்பதாகாது. கேட்டதை விசாரியாமல் அச்சேற்றுவதும், குற்றம் சாட்டப்படுபவரின் பதிலைக் கேளாமலே தீர்ப்புச் சொல்வதும், முதற்பக்கத்தில் செய்த பிழைக்கு உட்பக்கத்தின் மூலையில் வருத்தம் தெரிவிப்பதும் அதர்மமே. அதிகாரிக்கும் குடும்பம் உண்டு, குழந்தைகள் உண்டு. அவருடைய உத்தியோகத்தோடு சம்பந்தமில்லாத வீட்டு விஷயங்களைத் தெருவுக்கு இழுப்பவர் பொதுநன்மையைத் துணைக்கு அழைக்க முடியாது. டெண்டரில் என்ன நடந்தது என்று கேட்பது வேறு. வீட்டில் என்ன நடந்தது என்று எட்டிப் பார்ப்பது வேறு. முன்னதில் மந்திரியும் அதிகாரியும் பதில் சொல்லும் கடமைப்பட்டவர்கள். பின்னதில் அவர்கள் மற்றெவரையும் போலச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர்கள். உண்மையாகவே பாதிக்கப்பட்ட ஏழைக்கு இன்றைய சட்டத்தால் பெரும் பயன் விளைந்ததாகவும் தெரியவில்லை. எதிராளியைப் பத்தாண்டு கழித்துச் சிறைக்கு அனுப்புவதைவிட, தன் பெயரில் படிந்த பொய்யைப் பத்து நாளுக்குள், அச்சிட்ட அதே இடத்தில், அதே எழுத்தளவில் திருத்தச் செய்வதே அவனுக்கு வேண்டியது. அதற்கு விரைவான சிவில் வழி ஒன்றை வகுப்பதை எந்தப் பத்திரிகையும் எதிர்க்க நியாயமில்லை.

அவதூறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திராவிட்டால் ஒழுங்கு குலைந்துவிடும் என்ற அச்சமும் ஆதாரமற்றது. அண்டை நாடான இலங்கை 2002-இல் அப்பிரிவுகளைத் தன் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. அதனால் அங்கே எவருடைய மானமும் காற்றில் பறந்துவிடவில்லை. நஷ்டஈட்டு வழக்குக்கு இடம் இன்னும் இருக்கிறது. அங்கே பத்திரிகையாளருக்கு நேர்ந்த ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது: 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். சட்டத்தைத் திருத்துவதால் மட்டும் பத்திரிகையாளருடைய உயிருக்கு உறுதி கிடைத்துவிடாது என்பதற்கு அது சாட்சி. சட்டத்தைத் திருத்தாமலே இருப்பதற்கு அது காரணமாகாது.

இந்தியாவிலோ, 2024 ஜூலை முதல் தேதி பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதிய நியாய சம்ஹிதை வந்தபோதும், அதன் 356-ஆம் பிரிவில் அதே குற்றம், அதே இரண்டாண்டுத் தண்டனையோடு, சமூக சேவை என்ற மாற்றுத் தண்டனை மட்டும் சேர்ந்து, தொடர்கிறது. சர்க்கார் வக்கீல் மந்திரிக்காகப் புகார் செய்யும் முறையும் புதிய நடைமுறைச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அப்பிரிவை நீக்கும் கடமை பார்லிமெண்டைச் சேர்ந்தது. அது எப்போது நிறைவேறுமென்று சொல்வதற்கில்லை. ஆனால் சர்க்கார் அனுமதி தந்தாலன்றி மாநில மந்திரிக்காக எந்தச் சர்க்கார் வக்கீலும் இவ்வழக்கைத் தொடுக்க முடியாது. அந்த அனுமதியைத் தருவதில்லை என்று முடிவு செய்ய ஒரு மாநில சர்க்காருக்குப் புதுச்சட்டம் ஏதும் வேண்டியதில்லை. மந்திரிசபையின் தீர்மானம் ஒன்றே போதும்.